இனங்களுக்கும் ஆயுசு உண்டா? ப்ரொக்கி என்ற சுரங்க இன்ஸ்பெக்டரின் கதை

ஒரு ஒர்க்‌ஷாப்பில் நூறு வெவ்வேறு கம்பெனிகளின் பேரிங்குகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரை, ஒரே தூசி, ஒரே எண்ணெய். கொஞ்ச காலம் கழித்துப் போய்ப் பார்க்கிறீர்கள். ஏறக்குறைய பாதி உடைந்து கிடக்கிறது. மீதிப் பாதி ஒன்றுமே நடக்காத மாதிரி சுத்திக்கிட்டு இருக்கு. என்ன நடந்திருக்கும்? கூரை இடிந்து விழுந்திருந்தால் எல்லாமே நொறுங்கியிருக்கணும். அப்படி ஆகவில்லை. அப்போ உடைந்ததுக்கும் உடையாததுக்கும் உள்ள வித்தியாசம் அந்தந்த பேரிங்குக்குள்ளேயே இருக்கணும். அதோட ஆயுசு அவ்வளவுதானா? இல்லை, இடையில் ஏதோ ஒன்று மாறி, அந்த மாற்றத்தைச் சிலதால் மட்டும் தாங்க முடியவில்லையா?

இதே கேள்வியை 1814ஆம் வருஷம் ஒருத்தர் கேட்டார். பேரிங்குக்குப் பதிலாக அவர் கையில் இருந்தது சங்கும் சிப்பியும். பெயர் ஜம்பத்திஸ்தா ப்ரொக்கி. இத்தாலிக்காரர். தொழிலால் சுரங்க இன்ஸ்பெக்டர். தொல்லுயிரியல் என்றதும் நமக்கெல்லாம் டைனோசர் எலும்புதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஓர் உயிரினம் ஏன் அற்றுப்போகிறது என்ற கேள்வியை அளந்து, எண்ணி, ஒப்பிட்டுக் கேட்க முடிந்தது முதலில் கிளிஞ்சல்களை வைத்துத்தான். ப்ரொக்கியின் பதில் கடைசியில் நிற்கவில்லை. ஆனாலும் அந்தப் பதில் வழியாகத்தான் டார்வினின் யோசனை ஒரு முக்கியமான திருப்பத்தைத் தாண்டியது. அதனால் இந்த மனிதரைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ப்ரொக்கி பிறந்தது 1772ல், வெனிஸ் குடியரசின் கீழ் இருந்த பஸ்ஸானோ என்ற ஊரில். பதுவா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டது சட்டம் படிக்க. மனசு போனது செடிகொடி பக்கம். (வீட்டில் சொன்ன கோர்ஸில் சேர்ந்து வேறொன்றில் மனசு வைத்தவர்கள் நம்ம காலேஜில் மட்டும் இல்லை என்பதற்கு இவர் ஒரு சாட்சி.) சட்டத்தை விட்டுவிட்டு ரோமுக்குப் போனார். இருபது வயதில் எகிப்தியச் சிற்பக்கலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1800களின் தொடக்கத்தில் ப்ரெஷ்ஷியா நகரில் இயற்கை வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர் ஆனார்.

ப்ரெஷ்ஷியாவுக்கு வடக்கே வால் த்ரோம்பியா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. பழங்காலத்திலிருந்தே இரும்புத் தாது வெட்டிய இடம். துப்பாக்கி செய்யும் பெரெட்டா குடும்பம் 1500களிலிருந்தே அங்கேதான். அந்தப் பகுதியின் இரும்புச் சுரங்கங்கள் பற்றி, தாது, உலை, வேதியியல் எல்லாம் சேர்த்து ப்ரொக்கி எழுதிய நூல் 1808ல் வந்தது. அப்போது வட இத்தாலி நெப்போலியனின் கையில். போருக்கு இரும்பு வேணும், இரும்புக்குச் சுரங்கம் வேணும், சுரங்கத்துக்கு விஷயம் தெரிந்த ஆள் வேணும். அதே 1808ல் மிலானில் இருந்த அரசின் சுரங்கத் துறையில் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது.

வேலை என்ன? ஊர் ஊராகப் போய், எந்த மலையில் என்ன கல், எங்கே தாது என்று பார்த்து அறிக்கை எழுதுவது. ஃபீல்டு விசிட்தான் வாழ்க்கை. அந்த அலைச்சலில்தான் அப்பெனைன் மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகள் அவர் கண்ணில் பட்டன.

இத்தாலி வரைபடத்தை எடுத்துப் பாருங்க. முதுகெலும்பு மாதிரி நடுவில் ஓடுவது அப்பெனைன். அதன் இரண்டு பக்கமும் தாழ்வான குன்றுகள். வெட்டிப் பார்த்தால் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண், மேலே மஞ்சள் மணல். இரண்டிலும் கடல் சங்கு, சிப்பி கொட்டிக் கிடக்கும். கல்லோடு கல்லாக இறுகிப்போனவை இல்லை. பல இடங்களில் கையாலேயே எடுத்து, கழுவி, மேசைமேல் வைக்கலாம். நேற்று கடற்கரையில் பொறுக்கியதோ என்று சந்தேகம் வரும்.

இவை புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. லியொனார்தோ தா வின்சி மிலானில் பெரிய குதிரைச் சிலை வேலையில் இருந்தபோது, பார்மா, பியாசென்சா மலைகளிலிருந்து இப்படிப்பட்ட கிளிஞ்சல்களை ஒரு மூட்டையாகக் கட்டிக் கிராமத்து ஆட்கள் கொண்டுவந்து கொடுத்ததைத் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். நோவா காலத்து வெள்ளம் இவற்றை மலைமேல் ஏற்றியிருக்க முடியாது என்றும் வாதாடியிருக்கிறார். ப்ரொக்கி காலத்தில் அதே பியாசென்சா குன்றுகளில் ஜுசெப்பே கொர்தேஸி என்பவர் திமிங்கலத்தின் எலும்புகளையே தோண்டி எடுத்திருந்தார். அந்தச் சேகரிப்பை 1809ல் அரசு விலைக்கு வாங்கி மிலானுக்குக் கொண்டுவந்தது. ப்ரொக்கி வேலை செய்த அதே சுரங்கத் துறைக்காக!

அவர் செய்த வேலையின் அழகு, தனியாக ஒரு குன்று, ஒரு சங்கு என்று நிற்காததுதான். பியாசென்சா, டஸ்கனி என்று பல இடங்களில் சேகரித்தார். பிறகு ஒவ்வொன்றையும் இப்போது கடலில் உயிரோடு இருக்கும் இனங்களோடு ஒப்பிட்டார். 1814ல் மிலானில் இரண்டு தொகுதிகளாக நூல் வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘அப்பெனைன் அடிவாரத்துப் புதைபடிவக் கிளிஞ்சலியல்’ என்று வரும். செதுக்குப் படங்களோடு இனங்களின் விளக்கம், குன்றுகளின் நிலவியல், முன்னுரையாக ஒரு நீண்ட வரலாறு.

அந்த முன்னுரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபாசில் கிளிஞ்சல் பற்றி இத்தாலியில் முந்நூறு வருஷமாக யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதை அதில் வரிசையாக எழுதியிருக்கிறார். 1517ல் வெரோனாவில் கிடைத்த சிப்பிகள் பற்றி ஃப்ரகஸ்தோரோ சொன்னதில் தொடங்கும் கதை. சார்ல்ஸ் லைல் 1830ல் வெளியிட்ட நிலவியல் நூலின் தொடக்கத்தில் ஒரு வரலாற்றுப் பகுதி வரும். அதில் இத்தாலியர்களைப் பற்றிச் சொன்னதில் பெரும்பங்கு ப்ரொக்கியின் இந்த முன்னுரையிலிருந்து எடுத்தது. லைல் நூலை உலகமே படித்தது, ப்ரொக்கியின் நூலை ரொம்பக் குறைவான பேர். லிட்டரேச்சர் சர்வேயை யாரோ கஷ்டப்பட்டுச் செய்ய, பெயர் வேறு ஒருவருக்குப் போவது இன்றைக்கு நேற்றைக்கு ஆரம்பித்த வழக்கம் இல்லை.

பெயர் வைப்பதில் மட்டும் ப்ரொக்கி கொஞ்சம் பழைய பாணி ஆள். லமார்க் புதுப்புதுப் பேரினங்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் லின்னேயஸின் பெரிய பெட்டிகளையே பயன்படுத்தினார். திருகாணி மாதிரி நீளமான ஒரு சங்குக்கு அவர் ‘டர்போ ட்ரைகரினேட்டஸ்’ என்று பெயர் வைத்தார். இப்போது அதைப் பழக்கமான பெயரில் ‘டர்ரிடெல்லா ட்ரைகரினேட்டா’ என்பார்கள். பேரினம் மாறிவிட்டது, பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘ப்ரொக்கி, 1814’ என்பது மாறவில்லை. இந்த மாதிரி அந்த வருஷத்தைச் சுமக்கும் பெயர்கள் நிறைய. அவர் சேகரித்த கிளிஞ்சல்கள் மிலான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு சங்கு உண்மையில் ப்ரொக்கி சொன்ன இனம்தானா என்று சந்தேகம் வந்தால், அந்த மூல மாதிரியோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒப்பிட்டுப் பார்த்ததில் என்ன தெரிந்தது?

குன்றுகளில் கிடைத்த இனங்களில் ஏறக்குறைய பாதி இன்றும் கடலில் உயிரோடு இருக்கின்றன. பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலேயே. சிலவற்றுக்கு ஒத்தவை தூரத்து வெப்பக் கடல்களில். மீதியை எந்தக் கடலிலும் காணோம்.

இந்த ‘காணோம்’ என்ற சொல் அன்றைக்கு எவ்வளவு சிக்கலானது என்று புரிந்துகொள்ளணும். உயிரினம் அற்றுப்போகும் என்பதே அப்போது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம் இல்லை. பாரிஸில் இரண்டு பெரிய ஆட்கள் எதிரெதிராக நின்றார்கள். ஒருவர் லமார்க். கிளிஞ்சல் நிபுணர். மனிதன் வேட்டையாடித் தீர்த்த பெரிய நிலவிலங்குகள் வேண்டுமானால் போயிருக்கலாம், மற்றபடி இனம் எதுவும் நிஜமாக அழிவதில்லை, மெல்ல மெல்ல வேறொன்றாக மாறிவிடுகிறது, அல்லது நாம் இன்னும் எட்டிப் பார்க்காத ஆழ்கடலில் இருக்கிறது என்பது அவர் கட்சி. இன்னொருவர் குவியே. யானை எலும்புகளை ஒப்பிட்டு, மாமூத் இன்றைய யானையே இல்லை, அது அற்றுப்போன தனி இனம் என்று 1796லேயே நிறுவியவர். காரணம் கேட்டால், பூமியில் திடீர் திடீரென்று வந்த பெரும் புரட்டல்கள் என்றார். 1812ல் வந்த அவருடைய எலும்பு நூலின் முன்னுரை முழுக்க இதுதான்.

அதாவது ஒருவர் ‘யாரும் சாகவில்லை’ என்கிறார், இன்னொருவர் ‘கூரை இடிந்து விழுந்தது’ என்கிறார். ப்ரொக்கியின் களிமண்ணில் இரண்டுமே பொருந்தவில்லை.

லமார்க் சொல்வது ஏன் பொருந்தவில்லை? ஒரே அடுக்கில் கிடக்கும் சங்குகளில் பாதி, இன்றைய சங்கிலிருந்து பிரித்தறிய முடியாதபடி அப்படியே இருக்கின்றன. எல்லாமே மாறிக்கொண்டே இருப்பது உண்மையானால் இவை மட்டும் ஏன் மாறவில்லை? குவியே சொல்வது ஏன் பொருந்தவில்லை? புரட்டல் வந்து கடல் உயிரை அழித்திருந்தால், ஒரே மணலில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த இரண்டில் ஒன்று சாகவும் ஒன்று பிழைக்கவும் காரணம் இல்லை. நம்ம ஒர்க்‌ஷாப் கணக்கேதான். எல்லாம் உடையவில்லை, ஆகவே கூரை விழவில்லை.

நூலின் முதல் தொகுதியில் இனங்களின் இழப்பு பற்றி ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. அங்கேதான் ப்ரொக்கி தன் பதிலை வைக்கிறார். ஒரு மனிதனுக்கு, ஒரு மரத்துக்கு, ஒரு பூச்சிக்கு இவ்வளவு ஆயுசு என்று இருக்கிறது அல்லவா? சிலது ஒரு நாள் வாழும், சிலது நூறு வருஷம். அந்த அளவு அதனதன் உடல் அமைப்பிலேயே இருக்கிறது. அதே மாதிரி இனத்துக்கும் ஓர் ஆயுசு இருக்கக்கூடாதா? பிறக்கும்போதே ஒரு குறிப்பிட்ட அளவு உயிர்ச்சக்தியோடு பிறக்கிறது. தலைமுறை தலைமுறையாக அது குறைகிறது. பெருகும் திறன் நூற்றாண்டு நூற்றாண்டாகத் தேய்கிறது. கடைசியில் ஒரு கட்டத்தில் கரு உருவாகும், ஆனால் வளர முடியாமல் அங்கேயே அணைந்துவிடும். அத்தோடு அந்த இனம் முடிந்தது. வெள்ளமோ எரிமலையோ தேவையில்லை. ஒவ்வொரு இனமும் தனித்தனியாக, அதனதன் நேரத்தில் போகும்.

கொஞ்சம் நிறுத்தி இதன் கனத்தைப் பாருங்க. அழிவு என்பது அதுவரை ஒரு விபத்து. ப்ரொக்கி அதைச் சாதாரண நிகழ்ச்சி ஆக்கினார். எப்போதும் நடந்துகொண்டே இருப்பது, இப்போதும் எங்கோ நடப்பது, இயற்கையின் அன்றாடக் கணக்கில் ஒரு வரி. இது பெரிய மாற்றம்.

எங்கே சறுக்கினார்? வித்தியாசம் இனத்துக்குள்ளே இருக்கிறது என்பது வரை அவர் கணக்கு சரி. அங்கிருந்து ‘ஆகவே உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது’ என்று தாவியதுதான் சிக்கல். ஒரு பாகம் உடைவதற்குக் காரணம் அந்தப் பாகத்தின் தன்மை என்றால், அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று தேய்மானம். இன்னொன்று தாங்கும் எல்லை. எண்பது டிகிரி வரை தாங்கும் சீலும் நூற்றிருபது வரை தாங்கும் சீலும் ஒரே இயந்திரத்தில் இருந்து, வெப்பம் நூறுக்குப் போனால் முதலாவது போய்விடும், இரண்டாவது இருக்கும். அதற்காக முதலாவதுக்கு வயசாகிவிட்டது என்று யாராவது சொல்வோமா?

இதில் எனக்கு ஆச்சரியமான ஒன்று, சரியான பதிலுக்கான தடயம் அவர் மேசைமேலேயே இருந்தது. சில ஃபாசில்களின் ஒத்த இனங்கள் வெப்பக் கடல்களில் வாழ்கின்றன என்று அவரே கவனித்திருந்தார். அப்படியானால் அந்தக் காலத்து இத்தாலியக் கடல் இன்றைவிட வெதுவெதுப்பாக இருந்திருக்கலாம், குளிர்ந்தபோது குளிர் தாங்காதவை போயிருக்கலாம். இன்றைக்கு நமக்குத் தெரிந்த கதை கிட்டத்தட்ட அதுதான். அந்த நீலக் களிமண்ணின் காலத்துக்குப் பெயர் பிளியோசீன், சுமார் 53 லட்சம் வருஷம் முன்பு தொடங்கியது. அதன் பிற்பகுதிக்குப் பியாசென்சா பெயரிலேயே ‘பியாசென்சியன்’ என்று பெயர். 36 லட்சத்திலிருந்து 26 லட்சம் வருஷத்துக்கு முன்பு வரை. அப்போது பூமி இன்றைவிட வெப்பம், காற்றில் கார்பன் டையாக்ஸைடு ஏறக்குறைய இன்றைய அளவு. அதனால்தான் காலநிலை ஆய்வாளர்கள் அந்தக் காலத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டுகிறார்கள். 1985ல் ராஃபி, ஸ்டான்லி, மராஸ்தி என்ற மூன்று பேர் மத்தியதரைக் கடலின் இரட்டை ஓட்டுச் சிப்பிகளை எடுத்து, யார் பிழைத்தது, யார் போனது என்று பார்த்தார்கள். அடிபட்டவை பெரும்பாலும் வெப்பம் விரும்பும் இனங்கள். ப்ரொக்கியின் ‘காணோம்’ பட்டியலில் நிறைய பேர் குளிரில் போனவர்கள்.

1814ல் அந்த நூல் வந்த அதே வருஷம் நெப்போலியன் விழுந்தார். மிலானில் ஆட்சி ஆஸ்திரியாவுக்குப் போனது. சுரங்கத் துறை கலைக்கப்பட்டது, ப்ரொக்கிக்கு வேலை போனது. வாழ்நாளின் முக்கியமான புத்தகமும் வேலையிழப்பும் ஒரே வருஷத்தில். அவர் உட்கார்ந்துவிடவில்லை. சொந்தமாக அலைய ஆரம்பித்தார். 1820ல் ரோம் நகரத்தின் மண்ணைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நிலவியல் வரைபடத்தோடு. ஏழு குன்றுகள் என்று புராணம் பேசும் அந்த ஊரை, எரிமலைச் சாம்பல் இறுகிய கல், கடல் படிவு, நன்னீர்ப் படிவு என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். ஒரு பெரிய நகரத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று இப்படிச் செய்த ஆரம்ப காலப் படங்களில் அதுவும் ஒன்று. சிவில் மாணவர்களுக்கு இது பிடிக்கும்.

1822ல் ஐம்பது வயதில் எகிப்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே முகமது அலி பாஷா நாட்டை வேகமாக நவீனமாக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கனிமம் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. மறுபடி அதே வேலை. கிழக்குப் பாலைவனம், சிரியா, நூபியா என்று சுரங்கம் தேடி அலைச்சல். கடைசியாகத் தெற்கே சூடானுக்குப் போனார். 1826 செப்டம்பரில் கார்ட்டூமில் இறந்தார். 54 வயது. கார்ட்டூம் அப்போது இன்றைய மாதிரி தலைநகரம் இல்லை. எகிப்தியப் படை சில வருஷம் முன்னால் அமைத்த பாளையம். போகிற இடமெல்லாம் விடாமல் எழுதிய நாட்குறிப்பு அவர் சொந்த ஊர் பஸ்ஸானோவுக்கு வந்து சேர்ந்து, 1841 முதல் 1843 வரை ஐந்து தொகுதிகளாக அச்சானது.

மனிதர் நைல் கரையில் மறைந்தார், அவர் யோசனை ஸ்காட்லாந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. 1816லேயே லியொனார்ட் ஹார்னர் என்பவர் ‘எடின்பரோ ரிவ்யூ’ இதழில் ப்ரொக்கியின் நூலுக்கு மதிப்புரை எழுதியிருந்தார். இந்த ஹார்னரின் மகளைத்தான் 1832ல் லைல் திருமணம் செய்துகொண்டார். அதே வருஷம் வந்த லைலின் இரண்டாவது தொகுதியில் ப்ரொக்கியின் கருத்து விரிவாகச் சொல்லப்பட்டு, மறுக்கவும் பட்டது. லைலின் எதிர்ப்பு நேரானது. சூழல் எதுவும் மாறாமல் ஓர் இனம் தானாகத் தேய்ந்ததை யாராவது காட்டினால் ஒப்புக்கொள்ளலாம். காட்டாதவரை, சூழல் மாறுவதே அழிவுக்குப் போதுமான காரணம். இதைச் சொன்ன லைல், அடுத்த வருஷமே ப்ரொக்கி ஆரம்பித்த எண்ணிக்கை வேலையை ஒரு அளவுகோலாக மாற்றினார். ஓர் அடுக்கில் இருக்கும் சங்குகளில் எத்தனை சதவீதம் இன்றும் உயிரோடு இருக்கிறது? சுமார் 3.5 சதவீதம் என்றால் ஈயோசீன், சுமார் 17 என்றால் மயோசீன், அதற்கும் மேலே போனால் பிளியோசீன். பிரெஞ்சு நிபுணர் தெஷேயின் எண்ணிக்கை அதற்கு உதவியது. நாம் இன்றும் சொல்லும் அந்தக் கிரேக்கப் பெயர்கள் இப்படி வந்தவைதான்.

லைலின் அந்த இரண்டாவது தொகுதி 1832 நவம்பரில் மொண்டெவிடியோ துறைமுகத்தில் ஓர் இளைஞர் கைக்குக் கிடைத்தது. பீகிள் கப்பலில் வந்த டார்வின்.

1834 ஜனவரியில் டார்வின் படகோனியாவில் சான் ஹூலியன் துறைமுகத்தருகே பெரிய எலும்புகளைத் தோண்டினார். மாஸ்டடான் என்று நினைத்தார். பின்னால் ரிச்சர்ட் ஓவன் அதற்கு ‘மக்ரௌகீனியா’ என்று பெயர் வைத்தார். நீண்ட கழுத்து, ஒட்டக அளவு உடம்பு. எலும்பு இருந்த இடத்தைச் சுற்றி அடுக்குகள் அமைதியாகப் படிந்திருந்தன. வெள்ளமும் இல்லை, புரட்டலும் இல்லை. அப்படியானால் இது ஏன் செத்தது? 1835 பிப்ரவரியில் இதைப் பற்றி டார்வின் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதில் அவர் எடுத்தது லைல் பக்கம் அல்ல, லைல் மறுத்த ப்ரொக்கியின் பக்கம்! ஆப்பிள் மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய கன்றுகள் எல்லாம், தாய் மரத்தின் ஆயுசு முடியும்போது எங்கிருந்தாலும் சேர்ந்தே நலிந்து போகும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. இனமும் அப்படித்தானோ என்று யோசிக்கிறார். 1839ல் அச்சான பயண நூலிலும் இந்த எண்ணத்தின் சாயல் இருக்கிறது.

ஏன் இது முக்கியம்? தனிநபர் மாதிரி இனமும் சாகும் என்றால், தனிநபர் மாதிரி இனமும் பிறக்கணும் அல்லவா? சாவுக்கு இயற்கையான காரணம் உண்டு என்றால் பிறப்புக்கும் இருக்கணும். தனிநபர் எங்கிருந்து பிறக்கிறது? இன்னொரு தனிநபரிடமிருந்து. 1837 வாக்கில் டார்வினின் குறிப்பேடுகளில் இந்தப் பிறப்பு–இறப்பு ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. ப்ரொக்கி இந்தப் பக்கம் நடந்தவர் இல்லை. ஓர் இனம் இன்னொன்றாக மாறும் என்று அவர் சொல்லவே இல்லை. அவர் திறந்த கதவு வழியாக இன்னொருவர் உள்ளே போனார். போனபிறகு டார்வின் அந்தக் கதவையே விட்டுவிட்டார். 1859ல் இயற்கைத் தேர்வு நூல் வரும்போது, உள்ளே இருக்கும் கடிகாரம் காணாமல் போய், அழிவுக்குக் காரணமாகப் போட்டி வந்துவிட்டது.

இதற்கப்புறம் ப்ரொக்கியின் கேள்வி நம்ம ரிலையபிலிட்டி பாடத்துக்கு வந்து சேருகிறது. பாத்டப் கர்வ் ஞாபகம் இருக்கா? ஆரம்பத்தில் உற்பத்திக் குறையால் சிலது உடையும், நடுவில் உடையும் விகிதம் மாறாமல் இருக்கும், கடைசியில் தேய்மானத்தால் மேலே ஏறும். ப்ரொக்கி சொன்னது மூன்றாவது பகுதி. 1973ல் லீ வான் வேலன் என்ற அமெரிக்கர், அற்றுப்போன பல உயிர்க்குழுக்களை எடுத்து, ‘இத்தனை காலம் பிழைத்தவை எத்தனை’ என்று செமிலாக் தாளில் வரைந்தார். கிடைத்தது ஏறக்குறைய நேர்கோடு. செமிலாக்கில் நேர்கோடு என்றால் மாறாத விகிதம், அதாவது நடுப்பகுதி. பழைய பேரினமும் புதிய பேரினமும் அழியும் வாய்ப்பு ஒன்றேதான், வயசு கணக்கில் வரவில்லை. தானே தொடங்கிய இதழில் அவர் வெளியிட்ட அந்தக் கட்டுரையில்தான் ‘சிவப்பு ராணி’ என்ற கருதுகோள் பிறந்தது. ஓடிக்கொண்டே இருந்தால்தான் நின்ற இடத்தில் நிற்கலாம், ஏனென்றால் சுற்றியிருப்பவர்களும் ஓடுகிறார்கள்.

அத்தோடு ப்ரொக்கி அவுட் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீங்க. இதில் ஒரு ஓட்டை இருக்கு. ப்ரொக்கி எல்லா இனத்துக்கும் ஒரே ஆயுசு என்று சொல்லவில்லை. ஈசலுக்கும் ஆலமரத்துக்கும் போல, இனத்துக்கு இனம் வேறு என்றார். அப்படி விதம் விதமான ஆயுசு கொண்டவற்றை ஒன்றாகக் கலந்து வரைந்தால், உள்ளே கடிகாரம் இருந்தாலுமே கோடு நேராக வரும்படி அமையலாம். கலவை டேட்டாவை வைத்து ஒரு பாகத்தின் தேய்மானத்தை மறுக்க முடியாது. ப்ரொக்கியைச் சோதிக்க வேண்டுமானால் ஒவ்வொரு இனத்தையும் தனியாக, பிறந்ததிலிருந்து போகிற வரைக்கும் பின்தொடரணும். முடிவு நெருங்கும்போது அது உண்மையிலேயே தேய்கிறதா, இல்லை நன்றாக இருக்கும்போதே டக்கென்று போகிறதா?

2007ல் மைக் ஃபூட்டும் அவர் கூட்டாளிகளும் இதைத்தான் பார்த்தார்கள். நியூசிலாந்தில் கிடைக்கும் கடந்த சில கோடி வருஷத்துச் சங்கு, சிப்பி ஃபாசில்கள். ஒவ்வொரு இனமும் எந்தெந்தக் காலத்தில் எத்தனை இடங்களில் கிடைக்கிறது என்று எண்ணினார்கள். சராசரியாக, ஓர் இனம் மெல்லப் பரவுகிறது, ஆயுசின் நடுவில் உச்சத்துக்குப் போகிறது, பிறகு கிட்டத்தட்ட ஏறிய அதே வேகத்தில் மெல்லச் சுருங்கி மறைகிறது. உச்சத்தில் நீண்டகாலம் அப்படியே நிற்பதில்லை. இறக்கத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் கடிகாரம் என்று அந்த வரைபடம் சொல்லவில்லை. சூழலும் போட்டியும் சேர்ந்து அப்படிச் செய்யலாம். ஆனால் நூற்றாண்டு நூற்றாண்டாகத் தேய்ந்து போகும் என்று 1814ல் ஒரு சுரங்க இன்ஸ்பெக்டர் எழுதிய அந்த வளைவின் உருவம், மறுபடியும் சங்குகளிலிருந்தே, தாளில் வந்து உட்கார்ந்திருந்தது.